மெல்லிய சுவர் அலுமினிய வளையத்தைக் கோணாமல் பிடிப்பது: பிக்சர் வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

வெளி விட்டம் 100 மி.மீ., உள் விட்டம் 94, நீளம் 40. மெட்டீரியல் 6061-டி6 அலுமினியம். சுவர் வெறும் 3 மி.மீ. போரின், அதாவது உள் துளையின், வட்டத்தன்மை 0.02 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். லேத்தில் புதிதாக நிற்கிறவர் கையில் இந்த ஜாப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். மூன்று ஜா (தாடை) உள்ள சக்கில் மாட்டி இறுக்குவார், போர் அடிப்பார், டயல் விட்டுப் பார்ப்பார். முள் அசையாது. கழற்றி அளந்தால் போர் கெட்டிருக்கும். "அண்ணா, சக்குல இருக்கறப்போ முள் ஆடவே இல்லைங்க. கழட்டினதும் ஓவல் ஆயிடுச்சுங்க" என்று வந்து நிற்பார்.

அது ஓவல் இல்லை, மூன்று முனை. ஜா அழுத்திய மூன்று இடங்களிலும் சுவர் உள்ளே போயிருந்தது. அந்தக் கோணலான வளையத்துக்குள் நாம் சுத்தமான வட்டம் போட்டோம். ஜாவைத் தளர்த்தியதும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பியது, வட்டம் கோணியது. மெஷினும் சரி, டூலும் சரி, பிடிதான் தவறு. இந்த ஒரு ஜாப்பை வைத்தே பிடியை, அதாவது ஜாப்பைப் பிடித்து நிறுத்தும் பிக்சரை, எப்படி வடிவமைப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். மற்ற மெல்லிய பாகங்களுக்கும் வரிசை இதுதான்.

1. பிக்சர் தேவையா என்று முதலில் பாருங்கள்

ஐந்து, பத்து பீஸ்தான் வேண்டும், ராடாக மெட்டீரியல் கிடைக்கிறது என்றால் பிக்சரே வேண்டாம். 40 மி.மீ. கூடுதலாக விட்டு ராடைப் பிடியுங்கள். வெளி விட்டம், போர், முகம் எல்லாவற்றையும் ஒரே செட்டிங்கில் முடித்துவிட்டு வெட்டி எடுங்கள். ஜா அழுத்துவது கெட்டியான ராடை, மெல்லிய சுவரை அல்ல. மெட்டீரியல் வீண்தான். ஆனால் பிக்சர் செய்ய ஆகும் இரண்டு நாளைவிட அது மலிவு.

தடித்த குழாய்த் துண்டாக வருகிறது, நூறு பீஸுக்கு மேல் போகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

0.001 மி.மீ. காட்டும் லீவர் டயல், மூன்று புள்ளி போர் மைக்ரோமீட்டர், வீ பிளாக், ஃபீலர் கேஜ், சர்ஃபேஸ் பிளேட், முகம் எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் ப்ளூ மை. 1 நியூட்டன் மீட்டர் வரை இறங்கி வேலை செய்யும் சிறிய டார்க் டிரைவர். பிக்சருக்கு இஎன் 8 ஸ்டீல் பிளாக் ஒன்று, மூடிக்குத் தடித்த தட்டு ஒன்று.

டார்க் டிரைவரைப் பலர் தேவையில்லாத செலவாக நினைக்கிறார்கள். இந்த வேலையில் டூலைவிட அது முக்கியம். ஏன் என்பது 7ஆம் படியில் வரும்.

3. ஜாப் எந்தத் திசையில் வளைகிறது என்று கணக்குப் போடுங்கள்

பேப்பரில் பிக்சர் வரையும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மூன்று பிக்சர் செய்து மூன்றையும் தூக்கிப் போடுகிறார்கள்.

சம இடைவெளியில் மூன்று ஜா அழுத்தும்போது, ஜாவுக்கு நேர் கீழே சுவர் உள்ளே போகும் அளவு இது:

0.016 × ஒரு ஜாவின் விசை × சராசரி ஆரத்தின் மும்மடி ÷ (யங் குணகம் × நீளம் × தடிமனின் மும்மடி ÷ 12)

நம் வளையத்துக்குச் சராசரி ஆரம் 48.5. அலுமினியத்தின் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, சதுர மி.மீ.க்குச் சுமார் 70,000 நியூட்டன். ஒரு ஜாவுக்கு 1,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக் கீயை ஒரு கையால் இழுத்தாலே இதைத் தாண்டிவிடும். விடை 0.29 மி.மீ. நமக்கு அனுமதி 0.02.

ஜாவுக்கு நடுவில் உள்ள இடங்களில் சுவர் 0.26 மி.மீ. வெளியே தள்ளும். இங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு ஜாவுக்கு நேர் எதிரே இருப்பது வேறு ஜா அல்ல, இரண்டு ஜாவுக்கு நடுப்புள்ளி. ஒரு பக்கம் 0.29 உள்ளே, எதிர்ப்பக்கம் 0.26 வெளியே. வெர்னியரில் விட்டம் 0.03தான் மாறியதாகத் தெரியும். ஆரம் அதைப்போலப் பத்து மடங்கு கெட்டிருக்கும்.

கணக்கில் தடிமன் மும்மடியில் நிற்பதைக் கவனியுங்கள். சுவர் பாதியானால் வளைவு எட்டு மடங்கு. 6 மி.மீ. சுவரில் ஓடிய பிடி 3 மி.மீ. சுவரில் ஓடாததற்குக் காரணம் இதுதான்.

மூன்று ஜாவை ஆறாக்கி, மொத்த விசையை அப்படியே வைத்தால் வளைவு ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்காகக் குறையும். வளையத்தை முழுக்கச் சுற்றிப் பிடிக்கும் அகலமான சாஃப்ட் ஜா (ஜாப்பின் அளவுக்கே கடைந்துகொள்ளும் மென்மையான ஜா) நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். ரஃப் வேலைக்கு அது போதும்.

இனி அதே வளையத்தை நீளவாட்டில், இரு முகங்களுக்கும் நடுவே அழுத்துங்கள். முகத்தின் பரப்பு சுமார் 914 சதுர மி.மீ. மொத்தம் 5,000 நியூட்டன் கொடுத்தால் வளையம் நீளத்தில் 0.003 மி.மீ. சுருங்கும். ஆரம் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் பெருக்கும், அதுவும் சுற்றிலும் ஒரே அளவாக. வட்டம் வட்டமாகவே இருக்கும்.

ஆரத்திசையில் 100 கிலோவுக்கு 290 மைக்ரான். நீளவாட்டில் 500 கிலோவுக்கு ஒரு மைக்ரான். மெதுவாக இறுக்குவதா, பலமாக இறுக்குவதா என்று யோசிப்பதை இங்கேயே விட்டுவிடலாம். எந்தத் திசையில் ஜாப் கெட்டியாக நிற்கிறதோ அந்தத் திசையில் அழுத்துங்கள். இந்த பிக்சரின் மற்ற எல்லா அளவுகளும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகின்றன.

4. எவ்வளவு பிடி வேண்டும்

பயத்தில் இறுக்குகிறோம், தேவை தெரிந்து இறுக்குவதில்லை. அலுமினியத்தில் 1.5 மி.மீ. ஆழம், சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீடில் ரஃப் கட் போட்டால் வெட்டு விசை சுமார் 240 நியூட்டன். ஃபினிஷ் கட் 0.25 ஆழம், 0.1 ஃபீட் என்றால் சுமார் 30 நியூட்டன்தான்.

கூலன்ட் பட்ட அலுமினியத்துக்கும் ஸ்டீலுக்கும் இடையே உராய்வை 0.15 என்று எடுத்தால், 5,000 நியூட்டன் அழுத்தம் அடிமுகத்தில் மட்டும் 750 நியூட்டன் வரை தாங்கும். ஃபினிஷுக்குத் தேவையைப் போல இருபது மடங்குக்கு மேல். அதனால் 5,000ஐத் தாண்டாதீர்கள். தாண்டினால் கிடைப்பது பாதுகாப்பு அல்ல, முகத்தில் பள்ளம்தான்.

5. வேலை வரிசையை முதலில் எழுதுங்கள், பிக்சரைப் பிறகு வரையுங்கள்

பிக்சரின் அளவுகள் ஜாப்பின் கடைசி அளவுக்கு வருவதில்லை. அந்த நிலையில் ஜாப் எந்த அளவில் இருக்குமோ அதற்குத்தான். எனவே வரிசை முதலில்.

முதலாவது, சாஃப்ட் ஜாவில் ரஃப். உள்ளேயும் வெளியேயும் பக்கத்துக்கு 0.75 மி.மீ. விடுங்கள். சுவர் இப்போது 4.5.

இரண்டாவது, கழற்றி வையுங்கள். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மெட்டீரியலை எடுத்ததும் உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து வளையம் புது வடிவம் எடுக்கும். கழற்றினால்தான் அது வெளியே தெரியும். ராத்திரி முழுக்க வைத்தால் ஸ்ட்ரெஸ் போய்விடும் என்று சொல்வார்கள். அலுமினியத்தில் அப்படிப் போவதில்லை. கோண வேண்டியது கழற்றிய உடனே கோணிவிடும். வைப்பது சூடு ஆறுவதற்காக. 100 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி சூட்டில் 0.023 மி.மீ. பெருக்கும். நம் அனுமதியே அதைவிடக் குறைவு.

மூன்றாவது, சாஃப்ட் ஜாவில் லேசாகப் பிடித்து இரு முகங்களையும் ஃபினிஷ் செய்யுங்கள். அதன் பிறகுதான் போர். அதற்குப் பின் வெளி விட்டம்.

முகத்தை ஏன் முதலில் முடிக்க வேண்டும்? நாம் முகத்தில்தான் அழுத்தப் போகிறோம். முகம் 0.05 மி.மீ. நெளிந்திருந்தால் மூடி அதை நேராக்கிப் பிடிக்கும், தளர்த்தியதும் நெளிவு திரும்பி வரும், கூடவே போரும் போகும். முகத்தைச் சர்ஃபேஸ் பிளேட்டில் ப்ளூ தடவி வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒட்ட வேண்டும். எங்காவது விட்டிருந்தால் பிளேட்டின் மேல் நைஸ் எமரி விரித்துத் தேய்த்து எடுங்கள். இரு முகங்களும் 0.01க்குள் இணையாக இருக்கட்டும். ஓரப் பிசிறை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

6. கிண்ணத்தை வடிவமைப்பது

போர் ஃபினிஷுக்கு நமக்கு வேண்டியது ஒரு கிண்ணம், அதன் மேல் ஒரு வளைய மூடி. ஜாப் உள்ளே உட்காரும், மூடி மேலிருந்து அழுத்தும். போல்ட் வெளியே துருத்தாது. ஜாப் தளர்ந்தாலும் கிண்ணத்துக்குள்தான் கிடக்கும், ஆள் மேல் பறக்காது.

கிண்ணத்தின் வெளி விட்டம் 140. பின்னால் சக்கில் பிடிக்க 80 மி.மீ. தண்டு. இது கெட்டியான இரும்பு, மூன்று ஜா பிடித்தாலும் கவலையில்லை. எந்த ஜா எந்த இடத்தில் வந்தது என்று தண்டில் பஞ்ச் குத்திவிடுங்கள். உள்ளளவுகளை எல்லாம் சக்கில் மாட்டிய பிறகு, அதே மெஷினில், ஒரே செட்டிங்கில் எடுங்கள். வேறு மெஷினில் செய்து கொண்டுவந்து டயல் கட்டுவது பாதி நாள் வேலை.

ஜாப் உட்காரும் பள்ளத்தின் விட்டம்: ரஃப் வெளி விட்டம் 101.5 என்றால் பள்ளம் 101.54. கையால் இறங்க வேண்டும், ஆடக் கூடாது. இந்த அளவு அடியில் 5 மி.மீ. உயரம் மட்டும் போதும், அதற்கு மேல் 103 ஆக விரித்துவிடுங்கள். நீளம் முழுக்க நெருக்கமாக வைத்தால் போர் அடிக்கும் சூட்டில் வளையம் பெருத்துச் சுவரைத் தொடும். அப்போது நாம் வேண்டாம் என்று விட்ட ஆரத்திசைப் பிடி, கேட்காமலே வந்துவிடும். ஜாப்பும் சிக்கிக்கொள்ளும்.

அடி மூலையில் ஒரு சிறிய பள்ளம் வெட்டுங்கள். மூலையில் டூல் விட்டுப்போன ரேடியஸ் இருந்தால் ஜாப்பின் ஓரம் அதில் ஏறி நிற்கும். ஒரு துண்டு சுருள் கிடந்தாலும் அதேதான்.

ஜாப் உட்காரும் படியின் உள் விட்டம் 95, ஆழம் குறைந்தது 5 மி.மீ. ஃபினிஷ் போர் 94 என்பதால் போரிங் பார் ஜாப்பைத் தாண்டி வெளியே வர இடம் வேண்டும். இதை மறந்து, முதல் பீஸிலேயே பிக்சரை வெட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிண்ணத்தின் ஆழம்தான் உயிர்நாடி. ஜாப்பின் நீளம் 40 என்றால் ஆழம் 39.7. மூடி எப்போதும் ஜாப்பைத்தான் தொட வேண்டும், கிண்ணத்தின் விளிம்பைத் தொடக் கூடாது. நான் செய்த முதல் கிண்ணத்தில் ஆழத்தைச் சரியாக 40 வைத்தேன். நீளம் 39.98 வந்த ஜாப்கள் எல்லாம் மூடிக்கு அடியில் சும்மா கிடந்தன. போல்ட் இறுகியதைக் கை உணர்ந்தது, ஜாப் இறுகவில்லை. ஆறு பீஸ் போரில் கீறல் விழுந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. மூடியை மாட்டிய பிறகு இடைவெளியில் ஃபீலர் கேஜ் விடுங்கள். சுற்றிலும் ஒரே அளவு நுழைந்தால் மூடி சாயவில்லை என்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

கிண்ணத்தின் பக்கவாட்டில் எதிரெதிரே இரண்டு ஜன்னல் வெட்டுங்கள். கூலன்ட் வெளியேறும், விரல் விட்டு ஜாப்பைத் தூக்கவும் வசதி. ஜன்னல் இல்லாத கிண்ணத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டுக் கிளப்புவார்கள், அதிலேயே ஜாப் போய்விடும்.

7. மூடி, போல்ட், டார்க்

மூடியின் உள் விட்டமும் 95. தடிமன் 16 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். போல்ட் 122 மி.மீ. வட்டத்தில் நிற்கிறது, மூடி அழுத்துவதோ 98 வட்டத்தில். மெல்லிய மூடி போல்ட் பக்கம் கவிழ்ந்து, உள் ஓரம் மேலே எழும். அழுத்தம் முகம் முழுக்கப் பரவாமல் ஒரு கோட்டில் விழும்.

போல்ட் எம் 6, ஆறு எண்ணம். நான்கு போட்டாலும் பிடிக்கும், ஆனால் அழுத்தம் நான்கு இடத்தில் குவியும். தலையை மூடிக்குள் புதைத்துவிடுங்கள்.

இப்போது டார்க். 5,000 நியூட்டனை ஆறாகப் பிரித்தால் போல்டுக்கு 833. எம் 6 போல்டில் இதற்கு வேண்டியது வெறும் 1 நியூட்டன் மீட்டர். அலன் கீயில் 10 செ.மீ. தள்ளி ஒரு கிலோ எடை தொங்கினால் எவ்வளவோ அவ்வளவுதான். பழக்கத்தில் கை தானாக 10 வரை போகும். அப்போது மொத்தம் 50,000 நியூட்டன், பத்து மடங்கு. கைப்பழக்கத்தை நம்ப முடியாத இடம் இது, டார்க் டிரைவர் கேட்டது இதற்காகத்தான்.

எதிரெதிர் போல்டாக, மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் சுற்று விரலால், இரண்டாவது அரை டார்க், மூன்றாவது முழு டார்க். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி சாய்ந்தே நிற்கும்.

போல்ட் தலைக்கு அடியில் குழிவான ஸ்பிரிங் வாஷர் போடுவது நல்லது. வெட்டும்போது அலுமினியம் ஸ்டீல் கிண்ணத்தைவிட அதிகம் பெருக்கும், அழுத்தம் தானாக ஏறும். வாஷர் அதை விழுங்கிக்கொள்ளும். இவ்வளவு குறைந்த டார்க்கில் அதிர்வுக்குப் போல்ட் தளராமலும் காக்கும்.

8. வெட்டும் முன் டயல் சோதனை

புது பிக்சரில் இதைச் செய்யாமல் ஒரு கட்டும் போடாதீர்கள். ஜாப்பை உள்ளே வையுங்கள், மூடியை விரலால் மட்டும் இறுக்குங்கள். லீவர் டயலைப் போரின் உட்சுவரில் வைத்துப் பூஜ்யம் செய்யுங்கள். ஸ்பிண்டிலை அசைக்காமல் போல்ட்டை முழு டார்க் வரை இறுக்குங்கள். முள்ளைப் பாருங்கள்.

அனுமதியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இங்கே 2 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் பிடி ஜாப்பை வளைக்கிறது. முகத்தில் நெளிவு, மூலையில் சுருள், மூடியில் சாய்வு, இந்த வரிசையில் தேடுங்கள். டயலை 60 டிகிரி தள்ளி வைத்து இன்னொரு முறை பாருங்கள். ஒரு இடத்தில் அசையாமல் அடுத்த இடத்தில் அசைவது உண்டு.

இதே சோதனையைச் சாதாரண மூன்று ஜா சக்கிலும் ஒருமுறை செய்து பாருங்கள். முள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர் அதன் பிறகு மெல்லிய சுவரில் சக் கீயை இழுக்க மாட்டார்.

9. போர் ஃபினிஷ்

பக்கத்துக்கு 0.75 இருக்கிறது. 0.5 எடுத்துவிட்டு நிறுத்துங்கள். போல்ட்டைத் தளர்த்தி, ஆறவிட்டு, திரும்ப அதே டார்க்கில் இறுக்குங்கள். பிறகு 0.25 கடைசி கட். இரண்டு நிமிடம் கூடும். சூட்டில் ஏறிய அழுத்தம் இறங்கிய பின் வெட்டுவதால் கடைசி அளவு நம் பேச்சைக் கேட்கும்.

அலுமினியத்துக்கான கூர்மையான, பாலிஷ் செய்த இன்சர்ட் போடுங்கள். முனை ஆரம் 0.2. கட்டின் ஆழம் முனை ஆரத்தைவிடக் குறைந்தால் டூல் வெட்டுவதைவிடச் சுவரைத் தள்ளுவதுதான் அதிகம். கடைசியாக 0.05 சும்மா தடவி எடுக்கலாம் என்ற பழக்கம் கெட்டிச் சுவருக்குச் சரி, இங்கே கெடுதல். 94 விட்டத்துக்கு 900 முதல் 1,000 சுற்று போதும்.

10. வெளி விட்டம்

போருக்குள் நுழைந்து விரிந்து பிடிக்கும் மாண்ட்ரல் வேண்டாம். அது உள்ளிருந்து ஆரத்திசையில் தள்ளும், தப்பித்த தவறு பின்வாசல் வழியாக வரும். பதிலாகத் தோளுள்ள ஒரு பிளக் செய்யுங்கள். விட்டம் போரைவிட 0.02 குறைவு, இரு ஓரத்திலும் 5 மி.மீ. மட்டும் அந்த அளவு, நடுவில் இறக்கிவிடுங்கள். பிளக்கின் நீளம் ஜாப்பைவிட 0.3 குறைவாக இருக்கட்டும், காரணம் கிண்ணத்துக்குச் சொன்னதேதான். முன்னால் 98 விட்டமுள்ள தடித்த தட்டு, நடுவில் ஒரு நட். தோளும் 98தான், டூல் இரு பக்கமும் தாண்டிப் போகும். இங்கும் அழுத்தம் நீளவாட்டில்தான்.

11. அளப்பது

மெஷினில் இருக்கும்போது அளந்து சந்தோஷப்பட வேண்டாம். கழற்றி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு எடுக்கும் அளவுதான் அளவு. வெர்னியரும் சாதாரண மைக்ரோமீட்டரும் இரண்டு புள்ளியில் தொடுபவை, மூன்று முனைக் கோணலை அவை காட்டாது. மூன்று புள்ளி போர் மைக்ரோமீட்டரை வைத்து அளவு எடுங்கள், 60 டிகிரி திருப்பி மறுபடி எடுங்கள். வித்தியாசம் இருந்தால் மூன்று முனை இருக்கிறது. வெளிப்பக்கத்துக்கு வீ பிளாக்கில் வைத்து மேலே டயல் விட்டுச் சுற்றுங்கள்.

சரி என்று தெரிந்ததும் மூடியின் மேலேயே "6 போல்ட், 1 நியூ.மீ., 3 சுற்று" என்று பொறித்துவிடுங்கள். இரவு ஷிப்டில் வருகிறவருக்கு நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல முடியாது.

12. வளையம் அல்லாத ஜாப்கள்

மெல்லிய தட்டு என்றால்: ஒவ்வொரு கிளாம்புக்கும் நேர் அடியில் ஒரு தாங்கு பேட். தாங்கல் இல்லாத இடத்தில் கிளாம்ப் விழுந்தால் தட்டு வளைந்து நிற்கும், அதன் மேல் ஓடிய மில்லிங் கழற்றியதும் மேடு பள்ளமாகிவிடும். அகலமான தட்டுக்கு வேக்குவம் பிளேட் நல்லது. 100க்கு 100 மி.மீ. தட்டில் 0.8 பார் வேக்குவம் சுமார் 800 நியூட்டன் தரும், அதுவும் முழுப் பரப்பில் பரவி. ஆனால் பக்கவாட்டுத் தள்ளலுக்கு ஸ்டாப்பர் கட்டாயம் வேண்டும்.

கிராஃபைட், செராமிக், கண்ணாடி போன்றவை வேறு இனம். அலுமினியம் வளைந்து நம்மை எச்சரிக்கும், இவை எச்சரிக்காமல் விரிசல் விடும். இங்கே பயப்பட வேண்டியது மொத்த விசைக்கு அல்ல, அது ஒரு புள்ளியில் குவிவதற்கு. கிளாம்புக்கும் ஜாப்புக்கும் நடுவே செம்புத் தகடோ டெல்ரின் பிளாஸ்டிக்கோ பாலியூரித்தேன் பேடோ வையுங்கள். ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி அழுத்துங்கள், ஏனென்றால் விரிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் தொடங்கும். கண்ணாடிக்குக் கிளாம்பை விட்டுவிட்டு மெழுகில் ஒட்டிப் பிடிப்பதே மேல். லேசாகச் சூடாக்கினால் பிடி விட்டுவிடும், ஜாப்பின் மேல் ஒரு ஜாவும் பட்டிருக்காது.